நேர்கோடு வளைந்த கதை

ஐம்பத்திரண்டு வயதுவரை அவர் அடுத்தவர் பொருளில் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை. கடைக்காரர் ஞாபக மறதியாக ஒரு சோப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், கொட்டுகிற மழையிலும் திரும்பி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிற மனிதர். ஒருமுறை பேருந்தில் தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியவர், நடத்துநரைத் தேடிப் பிடித்து, அந்த இரண்டு நிறுத்தத்துக்கும் தனியாகச் சீட்டுக் கேட்டார். நடத்துநர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கூட யாராவது வந்திருக்காங்களா சார்?” என்று கவலையோடு விசாரித்தாராம். அந்த நடத்துநர் சொல்லித்தான் கதை பேருந்துப் பணிமனை முழுக்கப் பரவியது. மனைவியின் தம்பி அங்கேதான் ஓட்டுநராக இருந்தார். அத்தானுக்கு ‘நேர்கோடு’ என்று பெயர் வைத்தது அவர்தான். வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

நேர்கோடு இருபத்தெட்டு வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தார். ஒரு பெரிய மனிதரின் பாராட்டு மலரில் ‘வாழ்நாளெல்லாம் தொண்டாற்றினார்’ என்பது ‘திண்டாடினார்’ என்று அச்சேற இருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்து அச்சகத்தின் மானத்தைக் காப்பாற்றியவர். அப்படிக் காப்பாற்றப்பட்ட அச்சகம், ஒருநாள் கதவை இழுத்து மூடிவிட்டுப் போயே போய்விட்டது. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து, பருப்புப் பொட்டலத்தின் மேல் இருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, “உங்க அத்தானுக்கு எங்கயாவது ஒரு வேலை பாரு. இல்லேன்னா என்னையும் திருத்த ஆரம்பிச்சிடுவாரு” என்றார்.

தம்பி பார்த்துக் கொடுத்த வேலைதான் பணிமனையின் தவறவிட்ட பொருட்கள் அறை.

டயர் கிடங்குக்குப் பக்கத்தில், எப்போதும் ரப்பர் வாடை அடிக்கிற நீளமான அறை. பேருந்துகளில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போனதெல்லாம் அங்கே வரும். குடைகள் தனியாக, சாப்பாட்டுப் பாத்திரங்கள் தனியாக, ஒற்றைச் செருப்புகள் தனியாக இரும்பு அலமாரிகளில் இருக்கும். ஊன்றுகோல் மட்டும் ஏழு இருந்தன. ஊன்றிக்கொண்டு ஏறியவர் எப்படி ஊன்றாமல் இறங்கிப் போனார் என்பது நேர்கோட்டுக்குக் கடைசிவரை புரியவில்லை. தண்ணீர் நிரம்பிய கண்ணாடி டம்ளர் ஒன்றில் ஒரு பல்செட் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தது. வருகிற பொருளையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். உரியவர் வந்து அடையாளம் சொன்னால் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருள் ஏலத்துக்குப் போகும். அவ்வளவுதான் வேலை.

அறையில் இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். தலைமை எழுத்தர் ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. யார் வீட்டில் யாருக்கு எங்கே வலி என்பதுவரை தெரிந்து வைத்திருப்பார். கொண்டுவரும் சாப்பாட்டை நாலு பேருக்குப் பங்கு போடாமல் ஒரு வாய் வைக்க மாட்டார். இன்னொருவர் பெயர் கடிகாரம். இரண்டு கையிலும் ஒவ்வொரு கைக்கடிகாரம் கட்டியிருப்பார். ஒன்று பத்து நிமிடம் மெதுவாக ஓடும், மற்றது பத்து நிமிடம் வேகமாக ஓடும். மெதுவானதைப் பார்த்து வேலைக்கு வருவார், வேகமானதைப் பார்த்து வீட்டுக்குப் போவார்.

முதல் நாளே அவர்கள் நேர்கோட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பெரியக்கா அவருக்கு நாற்காலியில் மெத்தை போட்டுக் கொடுத்தார். தேநீர் வந்தது. தேநீர்க் கோப்பைகளில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை என்பதை அவருடைய பிழை திருத்துகிற கண் உடனே பார்த்துவிட்டது. ஒன்றில் ரோஜாப்பூ, ஒன்றில் ஒரு பள்ளியின் சின்னம், ஒன்றில் ‘அன்பு அப்பாவுக்கு’ என்ற எழுத்து.

“கோப்பையெல்லாம் வேற வேற மாதிரி இருக்கே அக்கா?”

“எல்லாம் தத்து எடுத்ததுதான் தம்பி” என்றார் பெரியக்கா, பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற குரலில்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுவரில் ஓடிய கடிகாரம், கடிகாரத்தின் கையில் ஓடிய கடிகாரங்கள், மெத்தை, கெட்டில், பெரியக்காவின் மூக்குக் கண்ணாடி எல்லாமே பேருந்தில் வந்து இறங்கியவை.

“அக்கா, இது... திருட்டு இல்லையா?”

ஏதோ சாவு வீட்டில் சிரித்துவிட்டவரைப் பார்ப்பதுபோல இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“என்ன தம்பி பெரிய பெரிய வார்த்தையெல்லாம் பேசறீங்க?” என்றார் பெரியக்கா. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. “திருடன்னா சுவர் ஏறிக் குதிக்கணும். நாம எங்க ஏறினோம்? எனக்கு மூட்டுவலி வேற.”

அதன் பிறகு அவரை யாரும் திட்டவில்லை, மிரட்டவும் இல்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். ‘வாங்க’, ‘போயிட்டு வாங்க’ மட்டும் மரியாதைக்கு மிச்சமிருந்தன. அவர் உள்ளே நுழைந்தால் சிரிப்புச் சத்தம் பாதியில் நிற்கும். சாப்பாட்டு வேளையில் பெரியக்காவின் பாத்திரம் கடிகாரத்தின் பக்கமே நகரும். நேர்கோடு தன் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒற்றைச் செருப்புகளைப் பார்த்தபடி சாப்பிடுவார். அச்சகத்தில் இருபத்தெட்டு வருடமும் பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். நேர்மையாக இருப்பது அவருக்குச் சிரமமே இல்லை. தனியாகச் சாப்பிடுவதுதான் தொண்டையில் இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் ஒருநாள் சாயங்காலம் பேய்மழை. அவரிடம் குடை இல்லை. எதிரே அலமாரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குடைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று மழையையும் குடைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நனைஞ்சு காய்ச்சல்ல படுத்தா யாருக்கு என்ன லாபம்? எடுத்துட்டுப் போயிட்டு நாளைக்குக் கொண்டாங்க தம்பி” என்றார் பெரியக்கா. மூன்று வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அந்தக் குரலின் கனிவுக்காகவே நேர்கோடு ஒரு குடையை எடுத்தார்.

மறுநாள் காலையில் குடையைத் துடைத்து, மடித்து, கொண்டுவந்து வைத்து, பதிவேட்டில் ‘இரவல் பெற்ற குடை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அதைப் படித்த கடிகாரம் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. பெரியக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் சிரித்ததில் நேர்கோட்டுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பெரியக்காவின் பாத்திரம் அவர் பக்கமும் நகர்ந்தது.

அடுத்த மழைக்கு எடுத்த குடையைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் எழுதவில்லை. அதற்கடுத்த மழைக்கு எடுத்தது, கிளித்தலைக் கைப்பிடி போட்ட அழகான குடை. அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

யாரும் அவருக்கு உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. ஒரு புது ஊருக்குப் போனால் அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் ஏறுவதுபோல ஏறியது. முதலில் வார்த்தைகள் வந்தன. எடுத்துக்கொள்வதற்குத் ‘தத்து’ என்று பெயர். எடுத்தது வெளியே போய்விட்டால் ‘கரையேறிடுச்சு’. மேலாளர் சுற்றிப் பார்க்க வந்தால் ‘மாமனார் வர்றார்’. வார்த்தைகளுக்குப் பின்னாலேயே நியாயங்களும் வந்தன. “பொருள் மேல உயிரா இருக்கறவன் பஸ்ல விட்டுட்டு இறங்குவானா?” என்பார் பெரியக்கா. “ஏலத்துல எவனோ அள்ளிட்டுப் போறதுக்கு, பாத்துப் பாத்துத் துடைச்சு வைக்கிற நாம எடுத்தா என்ன குத்தம்ணே?” என்பார் கடிகாரம். முதல் தடவை கேட்டபோது நேர்கோட்டுக்கு அதில் பத்துப் பிழை தெரிந்தது. ஐம்பதாவது தடவை கேட்டபோது ஒரு பிழைகூடத் தெரியவில்லை. நூறாவது தடவை அதைச் சொன்னவர் அவரேதான்.

கடைசியாக வந்தது தொழில் நுணுக்கம். அதன் சூட்சுமம் பதிவேட்டில் இருந்தது. “விவரமா எழுதினா ஆள் வந்துடும்ணே” என்று கடிகாரம் ரகசியத்தைச் சொன்னார். “கிளித்தலைக் குடைன்னு எழுதக்கூடாது. குடைன்னு எழுதணும்.”

இந்த ஒரு விஷயத்தில் மாணவன் வாத்தியாரை மிஞ்சினான். இருபத்தெட்டு வருடம் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்ட மனிதருக்கு, எந்தச் சொல் எதையும் சொல்லாது என்பது அத்துப்படியாக இருந்தது. ஒரு வயலின் வந்தது. ‘மரப்பெட்டி ஒன்று. உள்ளே மரத்தாலான பொருள்’ என்று எழுதினார். புத்தம் புதிய பிரஷர் குக்கர் ‘மூடியுடன் கூடிய கலம்’ ஆனது. வயலினைத் தேடி ஓர் ஆள் வந்து நின்றபோது, பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “வயலின்னு எதுவும் பதிவாகலையே சார்” என்றார் நேர்கோடு. அது சத்தியமான வார்த்தை. அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கடிகாரம் தன் வாழ்க்கையில் முதல்முறையாக எழுந்து நின்று ஒருவரைக் கும்பிட்டார். வயலின் அவருடைய மகளுக்கு என்று கரையேறியது.

வீட்டில்தான் சிக்கல் வருமென்று நேர்கோடு பயந்திருந்தார். கிளித்தலைக் குடையைப் பார்த்ததும் மனைவி, “இது யாரோடது?” என்று கேட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“தத்து எடுத்தது.”

“குடையையா?”

அவர் நியாயங்களைச் சொன்னார். மனைவி நம்பவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். குக்கர் வந்தபோது முகம் பாதிதான் திரும்பியது. ஒரு பூப்போட்ட சால்வை வந்தபோது திரும்பவே இல்லை. நாலு மாதத்தில் வீட்டில் பேச்சே மாறிவிட்டது.

“ஏங்க, பிளாஸ்க் ஒண்ணு வந்தா பாருங்க. சிவப்பு வேண்டாம், கண்ணை உறுத்தும்.”

“வர்றதைத்தானே கொண்டுவர முடியும்?”

“போன வாரம் கொண்டுவந்த சட்டிக்குக் கைப்பிடியே இல்ல. எவளோ தொலைக்கணும்னே தொலைச்சிருக்கா. அதைப் போய்த் தூக்கிட்டு வந்திருக்கீங்க” என்று சலித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டார். நியாயங்களிலும் அவர் கணவரைத் தாண்டிப் போனார். “பாவம், ஆளில்லாத பொருள். ஒரு வீடு வாசல்னு இருந்தாத்தானே அதுக்கும் நல்லது” என்றார். மறுநாள் நேர்கோடு இதை அலுவலகத்தில் சொன்னார். பெரியக்கா உருகிப்போய், “தங்கச்சியை ஒருநாள் பாக்கணுமே” என்றார்.

தங்கச்சியைப் பார்க்கிற நாள் சீக்கிரமே வந்தது.

நேர்கோடு கண் பரிசோதனைக்காக ஒருநாள் விடுப்பு எடுத்திருந்தார். அன்று மனைவி தன் கத்தரிக்கோலைச் சாணை பிடிக்க எடுத்துப்போனார். சாதாரணக் கத்தரிக்கோல் இல்லை. இருபது வருடம் அவர் கையோடு தேய்ந்த கனமான தையல் கத்தரி. கட்டைவிரல் காய்த்துப் போகாமலிருக்க ஒரு வளையத்தில் மஞ்சள் துணி சுற்றியிருப்பார். அதை வைத்துக் காகிதம் வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று வீட்டில் யாரையும் தொடவிடமாட்டார். சாணை பிடித்துவிட்டுத் திரும்பும்போது அதைப் பையோடு பேருந்திலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னவர் துளிகூடக் கலங்கவில்லை. “உங்க ஆபீசுக்குத்தானே வரும்? பத்திரமா இருக்கும். நாளைக்கு எடுத்துட்டு வந்துடுங்க.”

எவ்வளவு பத்திரமாக இருக்கும் என்று நேர்கோட்டுக்கல்லவா தெரியும்?

காலையில் சாப்பிடாமல்கூட ஓடினார். பை அலமாரியில் இல்லை. பதிவேட்டைத் திறந்தார். கடிகாரத்தின் கையெழுத்தில், ‘துணிப்பை ஒன்று. உள்ளே வீட்டு உபயோகப் பொருள்’ என்று இருந்தது. படித்தார், மறுபடி படித்தார். ஒரு பிழை இல்லை. எந்தச் சொல்லும் எதையும் சொல்லவில்லை. வாத்தியாரை மிஞ்சி இப்படி எழுதிக் காட்டியவரே அவர்தானே.

“தம்பி, இந்தப் பை எங்க?”

“தத்துப் போயிடுச்சுண்ணே.”

“யார்கிட்ட?”

கடிகாரம் அவரை விநோதமாகப் பார்த்தார். “அப்படியெல்லாம் நாம கேக்கறதில்லையேண்ணே.”

கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அறையின் கோடியிலிருந்து சரக் சரக் என்று சத்தம் வந்தது. பெரியக்கா அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்காகப் பழைய செய்தித்தாள்களை வெட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் துணி சுற்றிய வளையத்தில் அவருடைய கட்டைவிரல் சுகமாக உட்கார்ந்திருந்தது.

“அருமையான கத்தரி தம்பி. வெண்ணெய்ல போற மாதிரி போகுது.”

ஒவ்வொரு சரக்குக்கும் நேர்கோட்டின் நெஞ்சில் ஒரு நூல் அறுந்தது. “அக்கா... அதைத் தேடிக்கிட்டு யாராவது வந்தா?”

“வரட்டுமே. பொருள் மேல உயிரா இருக்கறவ பஸ்ல விட்டுட்டு இறங்குவாளா? ஏதோ கவனமில்லாத கழுதை.”

நேர்கோடே ஆயிரம் முறை சொன்ன வாக்கியம்தான். ஆனால் அன்றைக்கு அது அவர் வீட்டுக்குள் புகுந்து, தையல் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் போய்த் தொட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் கவுண்டரில் பழக்கமான குரல் கேட்டது.

“ஏங்க! சாப்பிடாமக்கூட ஓடி வந்துட்டீங்களே. கத்தரி கிடைச்சுதா? பதினோரு மணிக்குள்ள ரெண்டு சட்டை வெட்டிக் குடுக்கணும்.”

மனைவி எட்டிப் பார்த்தார். பெரியக்காவையும், கத்தரியையும், தரையெல்லாம் சிதறிக் கிடந்த காகிதத்தையும் பார்த்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் டயர் கிடங்கிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள்.

“ஐயையோ! பேப்பரையா வெட்டறீங்க! என் கத்தரியில பேப்பரா! திருட்டுக் கும்பலா இருக்கே இது! ஒருத்தி வயித்துப் பிழைப்புக்கு வெச்சிருக்கிற பொருளை எடுத்துக்கிட்டு, கேக்க ஆளில்லேன்னு நினைச்சீங்களா? மனசாட்சின்னு ஒண்ணு கிடையாதா உங்களுக்கெல்லாம்?”

நேர்கோடு கண்ணை மூடிக்கொண்டார். மனைவி நியாயம் கேட்டு ஆட்டிக்கொண்டிருந்தது கிளித்தலைக் குடை. தோளில் பூப்போட்ட சால்வை. கையில் தொங்கியது, கடிகாரம் தன் மனைவிக்கென்று கண் வைத்திருந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டதில் நேர்கோட்டிடம் தோற்ற கைப்பை.

கூடியிருந்தவர்களில் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் அந்த அம்மாளை உச்சிமுதல் பாதம்வரை, ஒவ்வொரு பொருளாக நின்று நிதானித்துப் பார்த்தார்கள்.

“குடை அழகா இருக்கு” என்றார் பெரியக்கா மெதுவாக.

மனைவி குடையைப் பார்த்தார். ஆட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அடுத்த நிமிடமே பெரியக்கா நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். “அட, நம்ம தங்கச்சியா! நம்ம வீட்டுப் பொருளா இது! முதல்லயே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா தம்பி? கடிகாரம், தங்கச்சிக்கு நாற்காலி போடு. மெத்தையைப் போடுடா.” கத்தரி துடைக்கப்பட்டு, பையோடு, தேநீரோடு வந்தது. “நம்ம ஆளுங்க பொருள்னு தெரிஞ்சா தொடுவமா? சத்தியமா தொடமாட்டோம்” என்று பெரியக்கா கத்தரியின் மேலேயே சத்தியம் செய்தார். உண்மையாகத்தான் செய்தார்.

தேநீர் ‘அன்பு அப்பாவுக்கு’ கோப்பையில் வந்திருந்தது. மனைவி எழுத்தைப் படித்துவிட்டுக் குடிக்காமலேயே வைத்துவிட்டார்.

சாயங்காலம் நேர்கோடு வீட்டுக்குப் போனபோது கிளித்தலைக் குடை சாப்பாட்டு மேசை மேல் படுத்திருந்தது.

“இது யாரோடது?” என்றார் மனைவி. அவர் முதல் நாள் கேட்ட அதே கேள்வி. ஆனால் இப்போது இடுப்பில் கை இல்லை.

“தெரியாது.”

“பதிவேட்டுல இருக்கும்ல? யாராவது வந்து கேட்டாங்களான்னு பாருங்க.”

“பாத்துட்டேன். ‘குடை, ஒன்று’ன்னு எழுதி வெச்சிருக்கேன். அந்த மாசம் குடை கேட்டு நாப்பது பேர் வந்திருக்காங்க.” அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். “நான் நல்லா எழுதித் தொலைச்சிருக்கேன்.”

எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிடுவது என்று முடிவானது. குக்கர் விஷயத்தில் மட்டும் மனைவி ஒருநாள் அவகாசம் கேட்டார். “அது நம்மகிட்ட பழகிடுச்சுங்க” என்றார். பிறகு அதையும் தேய்த்துக் கழுவிக் கொடுத்தார்.

எடுத்துவருவதைவிடத் திருப்பி வைப்பது பத்து மடங்கு கஷ்டம் என்று நேர்கோட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது. கற்றுக்கொண்ட வித்தை முழுவதையும் திருப்பிப் போட வேண்டியிருந்தது. சால்வையை இடுப்பில் சுற்றி, மேலே சட்டை போட்டு, திடீர்த் தொப்பையோடு வந்தார். சட்டியைச் சாப்பாட்டுப் பாத்திரம் என்று தூக்கி வந்தார். குக்கரை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு பூனைபோல அலமாரியை நோக்கி நடந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“அண்ணே, வெளிய போற வழி அந்தப் பக்கம்.”

“நான் உள்ளதான் கொண்டுவர்றேன் தம்பி.”

கடிகாரம் நேரம் பார்த்தார். கைகளில் இரண்டு கடிகாரமும் இரண்டு நேரம் காட்டின.

பொருள் போய்ச் சேர்ந்தும் நேர்கோட்டுக்கு மனது ஆறவில்லை. உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினார். மற்றவர்கள் எடுத்ததைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. தான் எடுத்தது, எந்தத் தேதியில், எப்படி என்பது மட்டும். முதல் வரியில், ஆறு மாதத்துக்குப் பிறகு, ‘திருடினேன்’ என்ற சொல்லை எழுதினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு மேலாளரின் அறைக்குப் போனார்.

மேலாளர் வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் புருவம் சுருங்கியது. ‘நீலநிற மேசை விசிறி ஒன்று. மூன்று இறக்கைகளில் ஒன்றில் வெடிப்பு. அடியில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரக் குறி. இதை மேலாளருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதற்காக, நானே பதிவேட்டில் “சுழலும் பொருள்” என எழுதிவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்தேன்.’

மேசை மேல் நீல விசிறி கடகடவென்று தலையாட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் அதைத் தூக்கி அடியில் பார்த்தார். மெல்லக் கீழே வைத்து, நிறுத்தினார். அறை சட்டென்று புழுங்கியது.

“சார், உங்க எழுத்து ரொம்பத் தெளிவா இருக்கு” என்றார் கடைசியில். “இவ்வளவு தெளிவு... கோப்புக்குத் தாங்காது.” தாள்களை நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இனிமே பதிவேட்டை நீங்களே எழுதுங்க. மத்தவங்க எழுதினாலும் உங்க மேற்பார்வையிலதான். போகும்போது இந்த விசிறியையும் எடுத்துட்டுப் போயிடுங்க.”

தண்டனை கிடைக்காததில் நேர்கோட்டுக்கு ஏமாற்றம்தான். ஆனால் பதிவேடு கிடைத்தது. அன்றிலிருந்து அவர் எழுத ஆரம்பித்தார். ஒரு கையுறைக்கு அரைப்பக்கம். ‘இடக்கை. சாம்பல்நிறக் கம்பளி. சுண்டுவிரல் நுனி தேய்ந்து, வேறு நிற நூலால், பொறுமை இல்லாத ஒருவரால் தைக்கப்பட்டுள்ளது.’ எழுதியதைப் பிரதியெடுத்துப் பணிமனை வாசலில் ஒட்டியும் வைத்தார். பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பொழுதுபோகப் படித்தார்கள். படித்தவர்களில் சிலர், “அட, இது நம்ம மாமாவோடது மாதிரி இருக்கே” என்று உள்ளே வந்தார்கள்.

இப்படி எழுதப்பட்ட பொருளைத் தத்து எடுப்பது நடக்கிற காரியமாக இல்லை. கடிகாரம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியக்காவின் பாத்திரம் மறுபடி விலகிப் போனது. இந்தத் தடவை நேர்கோடு தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு டயர் கிடங்குக்குப் போய், அங்கே இருந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஏலத்திலும் விலைபோகாமல் தங்கிவிட்ட பல்செட்டுக்குச் சொந்தக்காரி வந்த நாளில்தான் காற்று திசை மாறியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஊரையே மிரட்டிய அம்மாளாக இருக்க வேண்டும். எட்டு மாதமாக வாயைக் கையால் மூடிக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். ‘மேல்வரிசை, இடது கோரைப்பல்லில் சிறு விரிசல், மிக ஒழுங்காகப் பேணப்பட்டது’ என்பதை வாசலில் படித்துவிட்டு வந்திருந்தார். அன்று கவுண்டரில் கடிகாரம்தான் இருந்தார். வேண்டா வெறுப்பாக டம்ளரை நகர்த்தினார். அந்த அம்மாள் திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, மறுபடி திரும்பி, “நன்றி” என்றார். அந்தச் சொல்லின் முதல் எழுத்தைச் சொல்லவே பல் வேண்டும். அது சுத்தமாக வந்து விழுந்ததில் அவருக்கே சந்தோஷம் தாங்கவில்லை. “நன்றி, நன்றி, நன்றி” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே கடிகாரத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடிகாரத்தை அதுவரை யாரும் அப்படித் தொட்டதில்லை. சாயங்காலம்வரை கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, இன்னிக்கு யாராவது வருவாங்களா?” வாரக் கடைசியில் வயலின் பெட்டி தானாக வந்து அலமாரியில் உட்கார்ந்திருந்தது. நேர்கோடு நான்கு தந்திகளையும் வர்ணித்து ஒரு பக்கம் எழுதினார். அதைத் தேடி வந்தவரிடம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கடிகாரம் வேறு யாருக்கும் விடவில்லை.

பெரியக்கா கடைசிவரை மாறவில்லை. ஓய்வுபெறும் நாளன்று இருவரையும் உட்கார வைத்து, தன் கையால் பரிமாறி, கண் கலங்கினார். கலங்கியது பிரிவுக்காக மட்டும் இல்லை.

“இந்தக் கடிகாரம் எவ்வளவு நல்ல பையனா இருந்தான் தெரியுமா தம்பி? சொன்ன பேச்சைத் தட்டமாட்டான். எல்லாம் உங்க சேர்க்கையில கெட்டுப்போயிட்டான்.”

பெரியக்காவின் மூக்கில் இருந்த கண்ணாடியை நேர்கோடு திருப்பிக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டால் அவருக்குக் கண் தெரியாது.

பெரியக்காவின் இடத்துக்குப் பயணச்சீட்டுப் பிரிவிலிருந்து ஒரு நடுவயது ஆள் மாற்றலாகி வந்தார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரிகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “இங்கெல்லாம் வழக்கம் எப்படி?”

நேர்கோடும் கடிகாரமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எழுதறதுதான் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார் கடிகாரம், பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே. “முதல் மாசம் கை வலிக்கும்.”